பரும்படி மண்ணின் பெருமை

மண்ணுருச் செய்வதற்கு மாவுபோல் நயமான மண்ணே சிறந்தது, மணலும் உமியும் விரவியது தாழ்ந்தது என்பது கற்றார் பலர் கொள்கை. அது பொருந்தாது என்பதே எம் கருத்து. அகலுக்கும் கிண்ணத்துக்கும் நயமண் ஏற்றதே. ஆளுயரத்தை விஞ்சிய உருவத்திற்கோ பரும்படி மண்ணே உயிர்.

மரக்காணத்து உப்பளங்களை நோக்குக. பாத்தியின் தரையிலுள்ள களிமண் நன்கு மிதித்து இறுக்கப்படுகின்றது. நீர் கீழே கசியுமாயின் உப்பு விளையாது. ஆங்கு மண்ணின் சிறப்பு நீருக்கு வழிவிடாமை. வானூரையுள்ளிட்ட பழைய தென்னார்க்காட்டுப் பகுதியில் ஐயனாருக்கு நேர்ந்து வைக்கும் மண்குதிரைக்கு வேண்டுவதோ இதற்கு நேர்மாறான குணம். ஈரக்களி உலருங்கால் சுருங்கும். நயமண் மிகுதியாய்ச் சுருங்கும். கனத்த சுவரில் புறம் முன்னே உலர, அகம் ஈரமாய் நிற்க, இரண்டும் ஒன்றையொன்று இழுத்து வெடிப்புண்டாகும். எஞ்சிய ஈரம் சூளையில் ஆவியாகி, வெளியேற வழியின்றி உருவையே பிளந்துவிடும். மணல் சுருங்குவதில்லை, ஆதலின் வெடிப்பைத் தடுக்கின்றது. உமி எரிந்து நுண்டுளைகளை விட்டுச் செல்வதால் உருவின் கனமும் குறைகின்றது. மேனாட்டுச் சிற்பிகள் சுட்ட மண்ணை இடித்துப் பச்சைமண்ணொடு பிசைவதும் இது பற்றியே.

குதிரையை வேளார் ஒரே நாளில் எழுப்புவதில்லை. கால்களைக் குழல்போல் வனைந்து, அவை பாரந் தாங்குமளவு இறுகிய பின்னரே உடலை அடுக்கடுக்காக ஏற்றுவர். உள்ளே முற்றும் வெற்றிடம்.

இத்திறம் நேற்றுத் தோன்றியதன்று. புறநானூற்றின் 228ஆம் பாட்டும் 256ஆம் பாட்டும் ஈமத்தாழி வனையும் குயவனை விளித்துப் பாடியவை. ஆதிச்சநல்லூரில் 1876ஆம் ஆண்டு முதலாக அகழ்ந்தெடுத்த பெருந்தாழிகள் அத்தொழிலின் அளவைக் காட்டும். அண்மைக் காலத்திலும் இப்பக்கத்து மண்ணின் பெயர் மங்கவில்லை. டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்னும் இருவர் 1971ஆம் ஆண்டில் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் மட்கலைக் கூடத்தை நிறுவினர். அவருள் மீக்கர் மண்வீட்டையே சூளையாக்கிச் சுட்டு உறுதிப்படுத்தும் முயற்சியை ஆரோவில்லில் செய்து பார்த்தவர். பேருருவச் சிற்பங்களும் செய்தவர். வில்லியனூர்ச் சுடுமண் கலைஞர் முனுசாமி 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஆயினும் ஊர்ப்புறங்களில் மண்குதிரையின் இடத்தைச் சிமென்டுக் குதிரை கவர்ந்து வருகின்றது. சிமென்டு நெடுங்காலம் நிற்கும், அடிக்கடி செய்ய வேண்டா என்பர். அந்நிலையாமையை யாம் குறையாகக் கொள்ளோம். பழையது சிதையப் புதியது செய்ய வேண்டியிருந்தமையாலன்றோ தந்தையின் கைப்பழக்கம் மைந்தனுக்கு வந்தது? நூறாண்டு நிற்கும் குதிரை ஒன்றை வைத்துவிட்டால், அடுத்த குதிரையைச் செய்ய அறிந்தார் ஒருவரும் எஞ்சார்.

யாம் கிறித்தவர், ஈண்டு எம் பேச்சு வழிபாடு பற்றியதன்று, தொழில் பற்றியது. ஏரி குளங்களில் மண்பாண்டத் தொழிலாளர் வட்டாட்சியர் அனுமதியுடன் விலையின்றிக் களிமண் எடுத்துக்கொள்ளத் தமிழ்நாட்டரசு 2024ஆம் ஆண்டில் வழிசெய்தது. நன்றே. ஆனால் மண் கிடைத்தும் வேலை கொடுப்பார் இல்லையேல் யாது பயன்?

ஆதலின் இரண்டு வேண்டுகோள் விடுக்கின்றோம். நம் கல்லூரித் தோட்டத்தில் இனி உருவமொன்று அமைப்பதாயின், அது சிமென்டாலன்றி, இப்பக்கத்து வேளார் கையாற் செய்த சுடுமண் உருவமாக இருத்தல் வேண்டும். மற்றொன்று, தமிழ் பயிலும் எம்மனோர் கடன். எவ்வளவு மண்ணுக்கு எவ்வளவு மணல், எந்தப் பதத்தில் எந்த உறுப்பு என்பனவற்றுக்கெல்லாம் அவர்கள் வாயில் சொற்கள் உள. நண்பர்காள், வரும் விடுமுறையில் ஏட்டுச்சுவடியைத் தேடிச் செல்வது போலவே ஏட்டில் ஏறாத அச்சொற்களையும் தேடிச் சென்று எழுதி வருவோமாக.