தேசிங்கு கதையை யார் சொல்வது?

2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் செஞ்சிக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. மராத்தியரின் படைத்தள நிலப்பரப்புகள் என்னும் பெயரில் அறிவிக்கப்பெற்ற 12 கோட்டைகளுள் 11 மகாராட்டிரத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. மகிழ்ச்சிக்குரிய செய்தியே. சிவாஜியும் அவர்தம் மகன் இராஜாராமும் அக்கோட்டையில் கோலோச்சியது வரலாறு. ஆயினும், ஆரணியில் பட்டுத்தறியின் முன் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவரிடம் செஞ்சி என்று சொல்லிப் பாருங்கள். அவர் வாயில் முதலில் வரும் பெயர் சிவாஜி அன்று; தேசிங்கு. மராத்தியர் கோட்டை என்று எழுதப்பட்ட பலகையில் அந்த இராசபுத்திர இளைஞனுக்கும் அவன் தோழனாகிய முசுலிம் வீரனுக்கும் இடம் கிடைக்குமா என்பது ஐயமே. பலகையில் இடமில்லாதவர்க்குப் பாட்டில்தான் இடம். அந்தப் பாட்டோ நம் காலத்தில் நின்றுகொண்டிருக்கிறது. இதுவே நம் கவலை.

வரலாறு சுருக்கமானது. 1698இல் முகலாயர் செஞ்சியைக் கைப்பற்றினர். ஔரங்கசீபு அதனைப் புந்தேலகண்டத்து இராசபுத்திரராகிய சொரூப் சிங்கின் பொறுப்பில் விட்டார். 1714இல் அவர் மறைய, மகன் தேஜ்சிங் வந்து பதவி ஏற்றான். தமிழ் நா அப்பெயரைத் தேசிங்கு ஆக்கிக்கொண்டது. திறைப்பாக்கி கேட்டார் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான், இளைஞன் மறுத்தான். அவ்வாண்டிலேயே போர் மூண்டது, தேசிங்கு மாண்டான். அவன் ஆண்ட காலம் ஓராண்டு கூட நிறையவில்லை.

ஓராண்டும் ஆளாத ஒருவனை முந்நூறு ஆண்டு பாடுவானேன்? 1751இல் நம் ஆரணியிலேயே கிளைவு, சந்தாசாகிபின் மகன் ராஜாசாகிபைப் போரில் வென்றான். பாடநூல்கள் அதனை மறவாமல் குறிக்கின்றன. ஆனால் நாம் கண்ட எந்தக் கூத்திலும், கேட்ட எந்தக் கதையிலும் அந்த வெற்றிக்கு இடமில்லை. மக்கள் எதைப் பாடுகின்றனர் என்பதை வெற்றி தோல்விகள் முடிவு செய்வதில்லை.

தேசிங்குராஜன் கதைப்பாடல் போற்றுவது மகபத்கானின் நட்பை. மோவுத்துக்காரன் என்று கதைப்பாடல் அவனை அழைக்கிறது. வழுதாவூரில் அவனுக்குத் திருமணம். மணக்கோலத்தில் இருக்கும்போது தோழனின் ஓலை வருகிறது. போர் என்று அறிந்ததும் மணப்பந்தலைவிட்டு எழுந்து, நீலவேணி என்னும் தன் குதிரையேறிப் புறப்படுகிறான். எதிரே நிற்பதோ தன் சமயத்தைச் சேர்ந்த நவாபின் பெரும்படை. மோவுத்துக்காரன் களத்தில் வீழ்கிறான். அதன்பின் தேசிங்கு வாழ விரும்பவில்லை. வாளை வானில் எறிந்து, அது மீளும்போது மார்பில் ஏற்று உயிர் விடுகிறான் என்பது கதைப்பாடல். குண்டடிபட்டு இறந்தான் என்பர் வரலாற்றாசிரியர். மாணவர்க்கு இரண்டையும் சொல்லவேண்டும்; ஆனால் மேடையில் வாள்தான் மேலே செல்லவேண்டும்.

இவ்விடத்தில் சப்பானியர் நினைவுக்கு வருகின்றனர். சாமுராய் வீரர்தம் கதைகளை அந்நாட்டார் ஏட்டில் எழுதியதோடு விட்டுவிடவில்லை. 1180 முதல் 1185 வரை இரு பெருங்குலங்கள் மோதிய போரினைப் 'பிவா' என்னும் நரம்புக்கருவியை மீட்டியபடி ஊர்ஊராகப் பாடிச் சென்றவர்கள் கண்பார்வையற்ற பாணர்கள். அவர்கள் வாய்வழி வளர்ந்ததே 'ஹெய்க்கே' கதை. 1371இல் அப்பாணருள் ஒருவர் சொல்லச்சொல்ல எழுதிய வடிவமே இன்றும் அதன் சிறந்த பாடமாகப் போற்றப்படுகிறது. அவர்கள் பாடியது வென்ற குலத்தின் பெருமையை மட்டுமன்று. தோற்ற குலத்தின் அழிவே கதையின் உயிர். குமகாய் என்னும் முதிய வீரன், பகைக்குலத்து இளைஞன் அட்சுமோரியைத் தன் மகன் வயதினன் என்று கண்டும் கொல்ல நேர்கிறது. இறந்தவன் இடையில் ஒரு புல்லாங்குழல். குமகாய் பின்னர்த் துறவியாகிறான். நம்மவர் கேட்டால் இதைத் தம் கதை என்றே கொள்வர்.

காலம் ஒத்து வரும் இன்னொன்றும் உண்டு. தலைவனுக்காகப் பழிவாங்கி, ஆணைப்படி தம் வயிற்றைக் கிழித்து மாண்ட நாற்பத்தாறு சாமுராய்களின் நிகழ்ச்சி 1703இல் முடிந்தது. தேசிங்கு மாண்டதோ அதற்குப் பதினோராண்டு கழித்து. அந்நாட்டார் 1748இலேயே அதனைப் பொம்மலாட்டமாக்கி, 'சாமிசென்' இசையோடு பாடினர். இன்றுவரை அரங்கேற்றி வருகின்றனர். நம் தேசிங்குக்குப் பெரிய எழுத்துப் புத்தகம் கிடைத்தது, 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த திரைப்படம் கிடைத்தது. நேர்முன் அமர்ந்து கதை சொல்லும் குரல்தான் அருகிவிட்டது.

குரலுக்கு நம் மண்ணில் பஞ்சமா? ஆரணிக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட நிலம் கூத்தின் தாய்நிலம். திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து. மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் விடியும்வரை ஓயா. அக்கோயில்களில் முத்தால் ராவுத்தர் என்னும் முசுலிம் காவலர் நிற்பதை ஆய்வாளர்கள் வியந்து எழுதியுள்ளனர். ஊரார்க்கு அதில் வியப்பில்லை. நம் சமூகத்திலும் படைப்போர், கிஸ்ஸா, நாமா, மசலா எனக் கேட்போர்க்கென்றே பிறந்த இலக்கிய வகைகள் எத்தனை! சீறாவின் 5027 பாடல்களையும் நாள்தோறும் ஓதிப் பொருள் சொல்லி, கூடியிருந்து கேட்டவர்கள் நம் முன்னோர். பக்கீர்களின் தாயிரா ஒலி தெருமுனையில் கேட்டால் வேலையை விட்டு வெளியே வந்தவர்கள் அவர்கள். இன்று நம் கல்லூரி விழாவில் அவ்விடத்தை ஒலிப்பேழைப் பாட்டுக்கு ஆடும் ஆட்டம் பிடித்துக்கொண்டது.

இனி, சற்றுக் கசப்பான ஒன்றையும் சொல்லவேண்டும். மகபத்கான் பெயர் அறவே மறக்கப்பட்டுவிட்டது என்று கூறமுடியாது. நல்லிணக்க மேடைதோறும் அவன் அழைத்து வரப்படுகிறான், இரண்டு நிமிடம் நிற்கவைக்கப்படுகிறான், கைதட்டலோடு அனுப்பப்படுகிறான். சான்றிதழ் போல அவனைக் காட்டுவது நமக்கு உடன்பாடன்று. அவன் ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாக வேண்டி மணப்பந்தலைவிட்டு எழவில்லை. நண்பன் அழைத்தான், எழுந்தான். கதையை முழுமையாகச் சொன்னால் கேட்பவரே எஞ்சியதை அறிந்துகொள்வர். நவாபைக் கொடியவனாகத் தீட்டி, இதனை இரு சமயத்தார் போராக்கிச் சொல்வோர் உளர். அவர்க்கும் முழுக்கதையே விடை. நவாபின் புகழைப் பாரசீகத்தில் 'சயீத் நாமா' என எழுதியவர் ஜஸ்வந்த்ராய் என்னும் இந்து. தேசிங்கின் பக்கம் நின்று மாண்டவன் முசுலிம். உடன்கட்டை ஏறிய தேசிங்கின் தேவி நினைவாகவே இராணிப்பேட்டை என்னும் பெயர் வந்தது என்றும், அதைச் செய்தவர் நவாபே என்றும் வழிவழிச் செய்தி உரைக்கிறது.

இசை வேண்டுமா என்று பெரியோர் சிலர் தயங்கலாம். அத்தயக்கத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். கதைப்பாடலின் அடித்தளம் குரலே. தாயிரா ஒன்று துணைநின்றால் போதும். திரைப்பாட்டு மெட்டும் மின்னணுக் கருவியும் இல்லாதிருப்பதே நன்று. வில்லுப்பாட்டில் காந்தியடிகளின் வாழ்வையே சொல்லிக்காட்டினார் கொத்தமங்கலம் சுப்பு. பழைய கலைவடிவம் புதிய பொருளைத் தாங்கும்போது, தன் சொந்தப் பொருளைத் தாங்காதா?

செய்யவேண்டியது பெரிதன்று. நம் துறை மாணவர் பதின்மர் பெரிய எழுத்துப் பதிப்பை எடுத்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரத்திற்குரிய பாடமாகச் சுருக்கவேண்டும். பாட்டாகச் சொல்லும் பகுதி எது, வசனமாக விடும் பகுதி எது என்று பிரிக்கவேண்டும். வட்டாரக் கூத்து ஆசிரியர் ஒருவரை அழைத்துத் திங்கள் இரண்டேனும் பயிலவேண்டும்; அவர்க்கு உரிய மதிப்பூதியமும் தரவேண்டும், பொன்னாடை மட்டும் போதாது. செஞ்சி சேத்துப்பட்டு வழியாகப் பேருந்தில் சென்று மீளும் தொலைவே. செட்டிக்குளக் கரையையும், கடலி பக்கத்தில் மகபத்கானின் சமாதி என்று ஊரார் காட்டும் இடத்தையும் பாடப்போகிறவர்கள் நேரில் காணவேண்டும். முதல் அரங்கேற்றம் கல்லூரிக் கலையரங்கில் வேண்டா; நெசவாளர் தெரு ஒன்றில், தறி ஓய்ந்த மாலையில் நிகழட்டும்.

மாணவியர்க்கு ஒரு தனிப்பணி உண்டு. தேசிங்கின் தேவியைப் பற்றி ஊரெல்லாம் பேசும். வழுதாவூரில் மணக்கோலத்தோடு அமர்ந்திருந்த அந்தப் பெண் என்ன ஆனாள்? மேடைகளில் நாம் கேட்ட எந்தக் கதையும் அவளிடம் திரும்பிச் செல்லவில்லை. அப்பகுதியை நம் மாணவியர் எழுதிப் பாடட்டும்.