செவி கைக்கும் சொற்கள்

ஒவ்வொருவர் செவிக்கும் ஒவ்வாத சொற்கள் சில உண்டு. அவை வசைச் சொற்கள் அல்ல. நாள்தோறும் பல்லோர் வாயில் வழங்கும் எளிய சொற்களே. எனினும் கேட்டமாத்திரத்தே சோற்றிற் கல் கடிபட்டாற்போல உள்ளம் கூசுகின்றது. தமிழ் கற்பித்து வாழ்வோரிடம் இந்நோய் சற்று மிகுதி. பண்டிதர் இருவர் கூடிவிட்டால், நலம் உசாவி முடிந்ததும் அடுத்த பேச்சுப் பிறர் தமிழின் பிழை பற்றியதாகவே இருக்கும். இவ்வெரிச்சல் எல்லாம் நியாயமானதா? எச்சொல்லைப் பொறுத்தல் தகும், எச்சொல்லைப் பொறாமை தகும் என்பதை இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏற்றப்படுவன பிறமொழிச் சொற்கள். இவற்றைக் குறித்து எனக்கு அத்துணைச் சினம் எழுவதில்லை. அலுமாரி, கதிரை, சப்பாத்து, யன்னல், பாண் என்பன போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. கந்தோர் ஒல்லாந்தர் தந்தது. யாழ்ப்பாண அரசு 1619 இல் போர்த்துக்கேயர் கைப்பட்டது. 1658 இல் ஒல்லாந்தர் வந்து அவர்களைத் துரத்தினர். பின்னர் ஆங்கிலேயர் வந்து ஒல்லாந்தரைத் துரத்தினர். ஆண்டவர் யாவரும் கப்பலேறிப் போயினர். கதிரை மட்டும் போகாமல் நம் விறாந்தையிலேயே இருக்கின்றது. அதில் அமர்ந்துகொண்டுதான் பிறமொழிச் சொற்களை நாம் வைகின்றோம்! தொல்காப்பியர் செய்யுட்குரிய சொற்களை வகுத்தபோது இயற்சொல், திரிசொல் என்பவற்றோடு திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இடமளித்தே நான்காக்கினார். வந்த சொல் நம் எழுத்தும் ஓசையும் பூண்டு குடியேறிவிட்டால் அது குடியுரிமை பெற்றதேயாம். நல்ல தமிழ்ச்சொல் நாவில் இருக்கவும் அதனைத் தள்ளிவிட்டுப் பெருமைக்காக அயற்சொல்லை அழைப்பது வேறு, அதனைக் கண்டிக்கலாம். ஆயினும் அது நடையின் குற்றம். நேர்மையின் குற்றம் அன்று.

இரண்டாவதாகப் பழிக்கப்படுவன பேச்சின் இடையே சும்மா வந்து நிற்கும் சொற்கள். 'நான் வந்து, நேற்று வந்து, அங்கே வந்து' என்று ஒருவர் சொல்லும்போது, வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணத் தோன்றுகின்றது. 'என்னவென்றால்', 'சொல்லப்போனால்' என்பனவும் அவ்வினத்தன. இவற்றிற்கும் நம் இலக்கணத்தில் இடமுண்டு. அசைநிலை என்பது அதன் பெயர். 'மோ', 'மதி', 'சின்' முதலியவற்றைப் பொருளின்றி நிற்கும் அசைகளென்று இடையியல் கூறுகின்றது. சான்றோர் செய்யுளில் நின்றால் அசைநிலை, அயல்வீட்டார் பேச்சில் நின்றால் அபத்தம் என்பது நடுவுநிலை ஆகாது. அடுத்த சொல் நாவுக்கு எட்டும்வரை மூச்சுவிட மனிதனுக்கு ஒரு திண்ணை வேண்டும். 'வந்து' என்பது அத்திண்ணை. இருந்து போகட்டும்.

மூன்றாவது, மறைபொருட் சொற்கள். கடன் கேட்டுப் போனவருக்கும், மகளுக்குச் சம்பந்தம் பேசிப் போனவருக்கும் யாழ்ப்பாணத்தில் ஒரே விடைதான் கிடைக்கும்: 'பாப்பம்'. அச்சொல்லைக் கேட்டவர் பார்க்கப்போவது யாதுமில்லை என்பதை உணர்ந்து, தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வருவார். 'சொல்லிறன் எண்டு குறை நினையாதேங்கோ' என்று ஒருவர் தொடங்கினால், குறை நினைக்கத்தக்க ஒன்று வருகின்றது என்பது உறுதி. இவையும் சிலருக்கு எரிச்சல் ஊட்டுகின்றன. ஆயின் முகத்தில் அடித்தாற்போல 'இல்லை' என்னாது காத்தற்கே இச்சொற்கள் பிறந்தன. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்ற மூன்றையும் தகுதி வழக்கு என நம் இலக்கணிகள் ஏற்றுக்கொண்டனர். செத்தார் என்னாது இறைவனடி சேர்ந்தார் என்கின்றோம். அதனாற் செத்தவர் செத்திலர் என யாரும் மயங்குவதில்லை. சொல்வோனும் கேட்போனும் போர்வைக்குள் இருப்பது யாதென அறிந்திருப்பார்களாயின், அப்போர்வை பண்பாடேயாம். ஒருவன் அறிய, மற்றவன் அறியாதபடி போர்த்தப்படுமாயின் அது வஞ்சனை. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

மேடையிலும் அச்சிலும் வழங்குவன அடுத்து வருகின்றன. 'நேரத்தின் அருமை கருதி என் உரையைச் சுருக்கிக்கொள்கின்றேன்' என்று கூறியபின் அரைமணி நேரம் பேசாதவரை நான் கண்டது அரிது. 'என்றால் மிகையாகாது' என்று முடியும் வாக்கியம் எதுவாயினும் அது மிகையாகவே இருக்கும். 'என்பது குறிப்பிடத்தக்கது' என எழுதுகின்றனர்; குறிப்பிட்டாயிற்றே, பின்னர் அதற்கு ஒரு நற்சான்றிதழ் எதற்கு? சங்கத் தலைவர் ஒருவர் காலமானால் 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்கின்றோம். அந்தியேட்டிக்கு முன்னரே அவர் கதிரைக்கு ஈடு தேடி முடிந்துவிடுகின்றது. மிகைபடக் கூறல், வெற்றெனத் தொடுத்தல், நின்று பயனின்மை என்பவற்றை நூலுக்குரிய பத்துக் குற்றங்களுட் சேர்த்து நன்னூலார் எண்ணினார். வள்ளுவர் பயனில சொல்லாமைக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். இவ்விருவரும் நம் பொதுக்கூட்டங்களில் முன்வரிசையில் இருந்திருந்தால் எத்தனை உரைகள் நன்றியுரைக்கு முன்பே முடிந்திருக்கும்!

எம் தொழிலும் இதற்கு விலக்கன்று. மாணவனுடைய கட்டுரை பசுவைப் பற்றியதாயினும் பனையைப் பற்றியதாயினும் 'விஞ்ஞானம் வளர்ச்சியடைந்த இன்றைய நவீன உலகிலே' என்றே தொடங்குகின்றது. ஆசிரியரோ தேர்ச்சி அறிக்கையில் 'மேலும் முயன்றால் முன்னேறலாம்' என்று எழுதுகின்றார். இவ்வாசகம் எந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது? 'பின்னக் கணக்கு விளங்கவில்லை. வாசிக்கையில் ழகரம் ளகரமாகின்றது' என்று எழுதியிருந்தால் பெற்றார் அன்றிரவே பிள்ளையை அருகில் இருத்தி ஏதேனும் செய்திருப்பர். எவர்க்கும் பொருந்துஞ் சொல் எவர்க்கும் பயன்படாச் சொல். இங்கே எரிச்சலுக்கு ஓரளவு நியாயம் பிறக்கின்றது. ஏனெனின், சொல்லவேண்டியதைச் சொல்லாமலே சொல்லியதுபோன்ற ஒரு தோற்றம் உண்டாகிவிடுகின்றது.

அத்தோற்றம் முழு வளர்ச்சி பெற்றிருக்கும் இடம் காரியாலயக் கடிதம். 1956 ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1987 இல் வந்த 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழுக்கும் அந்நிலையைத் தந்தது. தமிழிற் கடிதம் பெறுவதற்கு ஒரு தலைமுறை போராடிற்று. தமிழில் வரும் கடிதத்தைப் பிரித்தால் அதிலுள்ளது யாது? 'தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்படுகின்றது. உரிய நடவடிக்கை எடுக்கப்படும். ஆவன செய்யப்படும்.' பரிசீலிப்பவர் யார், நடவடிக்கை எடுப்பவர் யார், எந்நாளில் என ஒன்றும் இல்லை. மூன்று வினைமுற்றுக்கள், ஒரு வினைமுதல் தானும் இல்லை.

இவ்விடத்தே இலக்கணத்தைச் சற்று நோக்குதல் வேண்டும். 'எழுதுவினைஞர் கோவையைத் தொலைத்தார்' என்பது செய்வினை. செய்தவர் வாக்கியத்தின் தலைவாயிலிலே நிற்கின்றார். 'கோவை தொலைக்கப்பட்டது' என்பது செயப்பாட்டுவினை. செய்தவர் உள்ளே ஒளிந்துகொண்டார். எனினும் அவருக்குரிய இடம் காலியாகக் கிடக்கின்றது. 'யாரால்?' என்று மூன்றாம் வேற்றுமை கொண்டு வினவின் அவரை வெளியே இழுத்துவிடலாம். 'கோவை தொலைந்துவிட்டது' என்பது மூன்றாவது வகை. இங்கே கோவை தானே எழுந்து நடந்து தொலைந்தது போலும்! 'யாரால்' என்று கேட்பதற்கும் வாக்கியத்தில் இடமில்லை. செய்தவர் ஒளிந்துகொண்டார் என்பதனோடு நில்லாது, அவர் இல்லாமலே போய்விட்டார்.

இவ்வழக்கு நமக்குப் புதிதன்று. செயப்படுபொருளையே செய்ததுபோலக் கூறுதலும் மரபென்று தொல்காப்பியர் ஒப்புக்கொண்டார். உரையாசிரியர் அதற்குத் 'திண்ணை மெழுகிற்று' என்று உதாரணம் காட்டினர். திண்ணை தன்னைத்தானே மெழுகுமா? மெழுகியவள் இன்னாள் என்பதை வீட்டார் யாவரும் அறிவர். ஆதலின் அதனை விதந்து சொல்லவேண்டுவதில்லை. தெரிந்ததைச் சொல்லாது விடுதல் சுருக்கம். தெரியவேண்டியதைச் சொல்லாது விடுதல் மறைப்பு. மெழுகிய திண்ணையும் தொலைந்த கோவையும் இலக்கணத்தால் ஓரினம், அறத்தால் வேறு.

இவ்வேற்றுமை ஏட்டுப் பண்டிதரின் மயிர்பிளக்கும் வேலை என எண்ணுவோர் நம் நாட்டில் வழங்கும் ஒரு சொல்லை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 'காணாமற் போனோர்' என்பது அது. 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நிறுவப்பட்ட அலுவலகத்திற்குக் 'காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்' என்றே பெயர். சந்தையில் ஆடு காணாமற் போகும். தேர்த்திருவிழா நெரிசலிற் சிறுபிள்ளை காணாமற் போகும். திறப்புக்கோர்வை காணாமற் போகும். வீட்டு வாயிலில் வைத்துப் பிடித்துச் செல்லப்பட்டவரும், பெற்றவர் கண்முன்னே கையளிக்கப்பட்டவரும் 'போனவர்' ஆவது எங்ஙனம்? 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் கிளிநொச்சியிலே கந்தசுவாமி கோயில் முன்றலில் அமர்ந்து போராட்டம் தொடங்கிய தாய்மார் இச்சொல்லை ஏற்க மறுத்தனர். தம் பிள்ளைகள் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றனர். அவருட் பலர் இலக்கண நூலைக் கையால் தொட்டிருக்கமாட்டார்கள். எனினும் போதல் தன்வினை, ஆக்குதல் பிறவினை என்பதையும், ஆக்கப்பட்டார் என்றால் 'யாரால்' என்ற வினா பின்னே வந்தே தீரும் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். அச்சொல்லை மாற்றியது அந்த வினாவை உயிருடன் வைத்திருத்தற்கே. காரியாலயக் கடிதத்தில் ஒளிவதற்குத் துணைபோன அதே 'படு' விகுதி இங்கே ஒளிந்தவரைத் தேடும் விளக்காயிற்று.

போர்க்களத்தில் என்னவானார் என்று அறியப்படாத படையினரையும் அவ்வலுவலகம் தேடவேண்டியிருத்தலின் பொதுவான பெயர் வேண்டும் என்பர். அது தள்ளத்தக்க வாதம் அன்று. அறியப்படாதார்க்கு அறியப்படாதாருக்குரிய சொல்லே பொருந்தும். ஆனால் அறியப்பட்டாரையும் அப்பொதுச் சொல்லினுள் அடக்கிவிடும்போதே சொல் கைக்கத் தொடங்குகின்றது. சட்டமும் பின்னர் இவ்வேறுபாட்டை அறிந்தது: 2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வலிந்து காணாமல் ஆக்குதலை அப்பெயராலேயே குற்றமாக்கிற்று. இவ்வலி ஓரினத்தார்க்கு மட்டும் உரியதும் அன்று. 1980களின் இறுதியிலே தெற்கிற் பிள்ளைகளை இழந்த சிங்களத் தாய்மாரும் இதே வினாவைச் சுமந்தார்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காத்திருந்த பெற்றோர் பலர் விடை அறியாமலே கண்மூடினர். அவர்கள் கேட்டது இரக்கச் சொற்களை அன்று. எழுவாயுள்ள ஒரு வாக்கியத்தையே.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று கூற விரும்புகின்றேன். பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்தும்போது 'கதிரை'யைச் சிவப்பு மையால் வெட்டி 'நாற்காலி' என்று எழுதுவதிற் கைவலிக்க வேண்டாம். பேச்சில் நுழைந்த 'வந்து'வையும் 'சும்மா'வையும் கண்டு கொதிக்கவும் வேண்டாம். நம் சினம் சிறிது. அதனைச் செலவிடுமிடம் அறிந்து செலவிடுவோம். 'மரங்கள் அழிக்கப்படுகின்றன', 'குளங்கள் தூர்ந்து போயின', 'தவறுகள் நேர்ந்துவிட்டன' என்று பிள்ளை எழுதுமிடத்தே சற்று நில்லுங்கள். மழையால் தூர்ந்த குளமாயின் அவ்வாறே இருக்கட்டும். மண் கொட்டி மூடப்பட்ட குளமாயின் அவ்வினைமுற்றின் கீழே கோடிட்டு, ஓரத்தில் ஒரே ஒரு சொல் எழுதுங்கள்: 'யார்?'

மாணவர்களுக்கும் அதுவே என் வேண்டுகோள். இலக்கணம் பரீட்சையில் எட்டுப் புள்ளி பெறுதற்கு மட்டும் வகுக்கப்பட்டதன்று. எழுவாயைத் தேடக் கற்றவன் நாளிதழை வேறுவிதமாக வாசிப்பான்; காரியாலயக் கடிதத்துக்கு வேறுவிதமாக விடை எழுதுவான்; அவனை ஏமாற்றுதல் சற்றுக் கடினமாகும்.