வருஷம் 48 கொடுங்க: ஏரிக்கரைக்குப் பொருந்தாத 'மாசம் நாலு' கணக்கு

சேனலில் ஜீரோ பேலன்ஸ் கணக்கு பற்றிப் பேசியபோது நேரம் போதாமல் விட்ட ஒரு விஷயத்தை இங்கே எழுதுகிறேன்.

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் வரும் ஊர் ஆரம்பாக்கம். கிழக்கே பழவேற்காடு ஏரி. ஏரியை நம்பிப் பிழைக்கிற குப்பங்களில் இருந்து ஏடிஎம்முக்குப் போகணும்னா மெயின் ரோட்டுக்குத்தான் வரணும். அங்கே நண்டு வியாபாரம் செய்யும் ஒரு அக்கா தன் பாஸ்புக்கை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இந்தப் பதினேழு ரூபா எழுபது காசு யாருக்குப் போவுது?"

ஒரே மாதத்தில் நான்கு இடத்தில் 17.70 பிடித்திருந்தது. அந்த மாதம் எட்டுத் தடவை பணம் எடுத்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும் 500 ரூபாய். அவருடையது அடிப்படை சேமிப்புக் கணக்கு. அதில் மாதம் நாலு தடவைதான் இலவசம். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 15 ரூபாய், கூடவே 18% ஜிஎஸ்டி.

நாலு தடவைக்கு 70.80. வருஷம் முழுக்க இப்படியே போனால் 849.60. மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வாங்குகிற ஒருவருக்கு, கிட்டத்தட்ட ஒரு மாசத் தொகை வங்கிக் கட்டணத்துக்கே போயிடும்.

"மொத்தமா ஒரே தடவை எடுத்துடலாமேக்கா?"ன்னு கேட்டேன். நம்மில் பாதிப் பேர் கேட்கிற கேள்விதான்.

"மொத்தமா எடுத்தா வூட்ல தங்குமா? வலைக்கு, டீசலுக்கு, கடன்காரனுக்குன்னு ஆளாளுக்குக் கை நீட்டுவாங்க. அங்கேயே கெடந்தா பத்திரமா இருக்கும்."

யோசிச்சுப் பாருங்க. தேவைக்கு மட்டும் எடுங்க, மிச்சம் கணக்கிலேயே இருக்கட்டும்னு நான் வீடியோ வீடியோவாகச் சொல்வதை அவங்க ஏற்கெனவே செஞ்சுட்டு இருக்காங்க. அதுக்குத்தான் இந்த அபராதம்.

இந்த 'நாலு' எங்கிருந்து வந்தது? 2012 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அடிப்படை சேமிப்புக் கணக்கைக் கொண்டுவந்தது. குறைந்தபட்ச இருப்பு வேண்டாம், ஏடிஎம் கார்டு உண்டு, பணம் எடுப்பது மாதம் நாலு தடவை. 2014இல் வந்த ஜன்தன் கணக்குகளும் இந்த வகைதான். 2019இல் விதியைத் திருத்தியபோது பணம் போடுவதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது என்றார்கள். எடுப்பது மட்டும் 'குறைந்தபட்சம் நாலு' என்றே நின்றது.

அந்தக் 'குறைந்தபட்சம்' என்ற சொல்லைக் கவனியுங்க. நாலுக்குக் கீழே குறைக்கக் கூடாது என்பதுதான் விதி. எட்டு கொடுக்கக் கூடாதுன்னு யாரும் வங்கியைத் தடுக்கவில்லை.

இது சின்னத் தொகையும் இல்லை. ஐஐடி பாம்பே பேராசிரியர் ஆசிஷ் தாஸின் ஆய்வு 2021இல் செய்தியானது. 2015 முதல் 2020 வரை சுமார் 12 கோடி அடிப்படைக் கணக்குகளில் இருந்து பாரத ஸ்டேட் வங்கி 300 கோடி ரூபாய்க்கு மேல் இப்படி வசூலித்தது என்று அந்த ஆய்வு காட்டியது. யுபிஐயில் கொடுத்த பணத்துக்கும் சேர்த்தே 17.70! டிஜிட்டல் பரிவர்த்தனைகளுக்கு 2020 ஜனவரி 1 முதல் பிடித்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, மத்திய நேரடி வரிகள் வாரியம் அந்த ஆண்டு ஆகஸ்டில் வங்கிகளுக்கு உத்தரவு போட்டது.

வங்கி தரப்பு நியாயத்தையும் சொல்லிடுறேன். வேறு வங்கியின் ஏடிஎம்மில் நாம் பணம் எடுத்தால், நம்ம வங்கி அந்த வங்கிக்கு 19 ரூபாய் கொடுக்கணும். அதனால் வரம்பே வேண்டாம்னு நான் சொல்லல. வரம்பு மாசக் கணக்கில் இருப்பதுதான் தப்பு.

மாசச் சம்பளக்காரருக்கு எல்லா மாசமும் ஒரே மாதிரி. ஏரிக்கரையில் அப்படி இல்லை. முகத்துவாரம் திறந்திருந்து இறால், நண்டு நல்லா வரும் நாளில் கையில் தினமும் காசு புரளும். ஏடிஎம் பக்கமே போக வேண்டியதில்லை. முகத்துவாரத்தை மணல் மூடினால் வரத்து குறையும். புயல் எச்சரிக்கை வந்தால் தொழிலே நிற்கும். கடலுக்குப் போகிற குடும்பங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வேறு. அரசு கொடுக்கும் 8,000 ரூபாய் நிவாரணம் வங்கிக் கணக்கில்தான் வருது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சாப்பிட வேண்டிய அந்த மாசத்தில்தான் 'நாலு முடிஞ்சது' என்கிறது வங்கி. நல்ல மாசத்தில் எடுக்காமல் விட்ட மூணு வாய்ப்பு காற்றோடு போச்சு.

என் கருத்து இதுதான்: மாசம் நாலு என்பதை வருஷம் 48 ஆக்குங்க. மொத்த எண்ணிக்கை அதேதான். வங்கி தன் கணக்குக்கு ஏற்கெனவே ஒத்துக்கொண்ட செலவைத் தாண்டப் போவதில்லை. ஆனால் எந்த மாசம் எத்தனை தடவை என்பதை ஏரி முடிவு பண்ணும். இதுக்குப் புதுச் சட்டம் வேண்டாம், ரிசர்வ் வங்கி தன் விதியைத் திருத்தினால் போதும்.

அது வரைக்கும் என்ன செய்வது?

1. உங்கள் கணக்கு எந்த வகைன்னு முதலில் கேளுங்க. முழு ஆவணம் தராமல் திறந்த 'சிறு கணக்கு' என்றால் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது, இருப்பும் 50,000ஐத் தாண்டக் கூடாது. ஆவணம் கொடுத்துக் கேஒய்சி முடித்தால் இந்தக் கட்டு நீங்கும்.

2. வீட்டுக் காலண்டரில் மாதம் நாலு கட்டம் போடுங்க. ஏடிஎம்மில் எடுத்தாலும் கிளையில் எடுத்தாலும் ஒரு கட்டத்தை அடியுங்க. ஊருக்கு வரும் வங்கி முகவரிடம் கைரேகை வைத்து எடுப்பதும் இதில் சேருமான்னு கிளையில் கேட்டுக்கோங்க. மாசக் கடைசியில் நாலும் தீர்ந்துட்டா, முடிந்தால் 1ஆம் தேதி வரை பொறுங்க.

3. மளிகை, கேஸ், ரீசார்ஜ் எல்லாம் யுபிஐயில் போகட்டும். 2025 டிசம்பரில் ரிசர்வ் வங்கி திருத்திய விதி, 2026 ஏப்ரல் 1 முதல் யுபிஐ, நெஃப்ட் போன்ற டிஜிட்டல் பரிவர்த்தனைகளை அந்த நாலில் சேர்க்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஏடிஎம் கார்டுக்கு ஆண்டுக் கட்டணமும் கூடாது. பையன் போனில் யுபிஐ இருந்தாலும் பின் நம்பர் உங்களிடமே இருக்கட்டும்.

4. சாதாரண கணக்குக்கு மாறலாமா? ஆரம்பாக்கம் மாதிரி ஊரில் அதுக்குச் சொந்த வங்கி ஏடிஎம்மில் 5, பிற வங்கி ஏடிஎம்மில் 5 இலவசம். ஆனால் குறைந்தபட்ச இருப்பு, கார்டுக் கட்டணம் இரண்டையும் விசாரிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க.

5. தப்பாகப் பிடித்திருந்தால் கிளையில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்க. 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவிக்கு 14448.

அந்த அக்கா இப்போ நாலு கட்டம் போட்டுட்டாங்க. ஆனா 500க்குப் பதில் 1,000மா எடுக்கிறாங்க. "பாதி அன்னிக்கே பூடுது தம்பி"ன்னு சொன்னாங்க. கட்டணம் நின்னுடுச்சு, சேமிப்பும் நின்னுடுச்சு. இதை வெற்றின்னு சொல்ல எனக்கு மனசு வரல.

இன்னைக்கு உங்க அம்மா பாஸ்புக்கை எடுத்து, 17.70 எத்தனை வரியில் இருக்குன்னு எண்ணிப் பாருங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்.