விரிசலை மறைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

பழைய பொருள் சேர்ப்பவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கீறல் இல்லாத பொருளுக்குத்தான் மதிப்பு என்று நினைப்பார்கள். அது எவ்வளவு பொய்யை வளர்க்கிறது என்று இன்று எழுதப் போகிறேன். கொஞ்சம் காரமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் பிரான்சின் மேற்கு ஓரத்தில், பிரிட்டனி பகுதியில் இருக்கிறாள். பணி ஓய்வுக்குப் பிறகு அங்கே போகும்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் பழம்பொருள் சந்தைகளைச் சுற்றுவேன். அப்படித்தான் ‘ஃபயான்ஸ்’ என்கிற கைவண்ணத் தட்டுகள்மேல் பித்துப் பிடித்தது. இப்போது என்னிடம் 14 தட்டுகள். அவற்றில் முழுசாக இருப்பவை மூன்றே மூன்று.

ஃபயான்ஸ் பார்க்கப் பீங்கான் போலிருக்கும். உள்ளே இருப்பது சுட்ட களிமண்தான். நம் ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்களே, அந்த வெள்ளீயத்தின் ஆக்ஸைடைக் கண்ணாடிப் பூச்சில் கலந்து மண்மேல் பூசினால், சூளையிலிருந்து பால்வெள்ளையாக வெளிவரும். வேகாத அந்தப் பூச்சின்மேல்தான் படம் தீட்டுவார்கள். தூரிகை பட்ட உடனே மையொற்றும் தாள்போல அது நிறத்தை உறிஞ்சிவிடும். அழித்துத் திருத்த முடியாது. கோபால்ட் நீலமோ, செம்பின் பச்சையோ, போட்ட கோடு போட்டதுதான்.

1709இல் போர்ச் செலவுக்காக வெள்ளிப் பாத்திரங்களை உருக்கக் கொடுக்கும்படி மன்னர் பதினான்காம் லூயி பிரபுக்களை நெருக்கியபோது, அவர்கள் சாப்பாட்டு மேசைக்கு இந்த மண்தட்டு ஏறியது. ரூவான், நெவேர், மூஸ்தியே ஆகிய ஊர்கள் இதில் பேர்போனவை. 1786இல் இங்கிலாந்துடன் வணிக ஒப்பந்தம் ஏற்பட்டதும் மலிவான ஆங்கிலேயத் தட்டுகள் வந்து குவிந்தன. பல பட்டறைகள் நொடித்துப்போயின. பிரிட்டனியின் கெம்பேர் ஊரோ விடவில்லை. அந்தப் பக்கத்துக் குடியானவனையும் அவன் மனைவியையும் நாட்டு உடையில் தீட்டி அது நிலைத்து நின்றது.

இந்தத் தட்டு எளிதில் உடையும். அந்தக் காலத்தில் உடைந்தால் குப்பையில் எறியவில்லை. தட்டு ஒட்டுபவர் தெருவில் கூவிக்கொண்டு வருவார். உடைப்பின் இரு பக்கமும் சிறு துளைகள் போட்டு, கம்பிக் கொக்கிகளை மாட்டி இறுக்குவார். என் தட்டு ஒன்றின் முதுகில் அப்படி ஐந்து கொக்கிகள். யாரோ ஒரு வீட்டுக்காரி, இது எனக்கு வேண்டும் என்று காசு கொடுத்துத் தைத்து வாங்கியிருக்கிறாள். ஒரு தட்டுக்கு இதைவிட என்ன நற்சான்று வேண்டும்?

அதை ஒரு வியாபாரியிடம் காட்டினேன். முகம் சுளித்தார். “கொக்கியைப் பிடுங்கிவிட்டுத் துளையை அடைத்து வண்ணம் பூசினால் இரண்டு மடங்கு விலை போகும், ஐயா” என்றார். இதற்குத்தான் நம் தமிழில் பூசி மெழுகுவது என்று பெயர். செயற்கைப் பிசினால் உடைப்பை நிரப்பி, சுற்றியுள்ள நல்ல ஓவியத்தின் மேலேயும் வண்ணம் ஏற்றி, மேலே வார்னிஷ் அடித்து, ‘பழுதில்லாதது’ என்று சீட்டு ஒட்டுகிறார்கள். தீட்டிய கைவினைஞனுக்கே கிடைக்காத அழிப்பான் இவர்கள் கையில்! சில வருடங்களில் அந்தப் பூச்சு மஞ்சளாகும். புற ஊதா விளக்கைக் காட்டினால் பெரும்பாலும் ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரிந்துவிடும்.

“அழகுக்காக வாங்குகிறோம், விரிசலை எதற்குப் பார்க்க வேண்டும்?” என்பவர்கள் உண்டு. ஒட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அருங்காட்சியக வல்லுநர்களும் ஒட்டுகிறார்கள். ஆனால் பின்னால் பிரித்தெடுக்கக்கூடிய பசையாகப் பார்த்துப் போடுகிறார்கள், என்ன செய்தோம் என்று எழுதி வைக்கிறார்கள். வைத்தியத்துக்கும் வேஷத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

வியாபாரியை மட்டும் திட்டிப் பயனில்லை. விரிசலைக் கண்டதும் பாதி விலை கேட்கிறோமே, அந்த நாம்தான் அவர் கையில் வார்னிஷ் டப்பாவைக் கொடுக்கிறோம். உண்மை சொன்னவனுக்கு நஷ்டம், மறைத்தவனுக்கு லாபம் என்றால் எவன் உண்மை சொல்வான்?

ஆகவே சேகரிக்கும் நண்பர்களுக்குச் சொல்வது இதுதான். வாங்குமுன் தட்டைத் திருப்பிப் பாருங்கள். எங்கே ஒட்டியது என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். உள்ளதைச் சொன்னவரிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள். முதுகில் கொக்கி இருந்தால் நாலு காசு கூடவே கொடுங்கள். இருநூறு வருடம் பிழைத்த தட்டில் தழும்பு இருப்பதுதான் இயற்கை. எழுபது தாண்டிய நமக்கா இது தெரியாது?