டூப்ளேயுடன் ஒரு மார்கழி நடை

மார்கழி மாதத்தில் நாய் என்றதும் நீங்கள் சிரிப்பது தெரிகிறது. இது அந்த விஷயம் இல்லை.

முத்தியால்பேட்டையில் நான் இருப்பது ஒரு மாடி போர்ஷன். மூன்று வருஷம் முன்பு மழைக்கு ஒதுங்கி மாடிப்படி ஏறிய தெரு நாய் ஒன்று, இறங்கவே இல்லை. டூப்ளே என்று பேர் வைத்தேன். 1742-லிருந்து 1754 வரை புதுச்சேரியில் கவர்னராக இருந்தவர் பேர். அடுத்தவன் எல்லைக்குள் மூக்கை நுழைப்பதில் இரண்டு பேரும் ஒரே ரகம். ஒரே ஒரு வித்தியாசம். அவரைப் பிரான்சில் கூப்பிட்டார்கள், போய்விட்டார். இவன் கூப்பிட்டால் வரமாட்டான்.

போன வாரம் வீட்டுக்கார அம்மா மாடிக்கு வந்தார்.

"தம்பி, பொங்கலுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க. நாயா, வீடா?"

யோசிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவைப்பட்டது.

காலை ஐந்தே கால். 22 டிகிரி. ஐரோப்பாக்காரன் இதற்குச் சட்டையைக் கழற்றுவான்; நமக்கு இதுதான் சிம்லா. குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு, டூப்ளேயை ஸ்கூட்டரில் காலடியில் நிற்க வைத்துக் கிளம்பினேன். கோட்டக்குப்பம் வந்தால் தமிழ்நாடு. இந்த எல்லையை அவனவன் பாட்டிலோடு தாண்டுவான். நாயோடு தாண்டுகிற ஆள் நான் ஒருத்தன்தான்.

பெரிய முதலியார்சாவடியில் இடது பக்கம் திரும்பி, குயிலாப்பாளையம் தாண்டினால் ஆரோவில் காடு. ஊர்க்காரர்கள் நடக்கிற செம்மண் பாதையில், கயிற்றைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு நடந்தோம். மயிலும் கீரியும் இருக்கிற இடம். இவனை நம்ப முடியாது.

இது ஆதிகாலத்துக் காடு என்று நினைத்துவிடாதீர்கள். 1968 பிப்ரவரி 28-ம் தேதி, 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் போட்டு ஆரோவில்லைத் தொடங்கியபோது, இங்கே ஓர் ஆலமரமும் கொஞ்சம் பனைகளும் தவிர பெரும்பாலும் பொட்டல். மழை பெய்தால் செம்மண் கரைந்து கடலுக்குப் போய்விடும். முதலில் வரப்பு போட்டுத் தண்ணீரை நிறுத்தினார்கள். பிறகு கத்திச் சவுக்கு வைத்தார்கள். பூர்வீகம் ஆஸ்திரேலியா, கிடுகிடுவென்று வளரும். அந்த நிழலில் கருங்காலி, வீரை, பாலை, காட்டெலுமிச்சை என்று இந்த மண்ணுக்கே உரிய மரங்கள். குளிர்காலத்திலும் பச்சை மாறாத காடு. ஆனால் வளர்வது நம்ம இன்கிரிமென்ட் மாதிரி.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது, கிடுகிடுவென்று வளர்ந்தவை எக்கச்சக்கமாகச் சாய்ந்தன. இன்கிரிமென்ட் பார்ட்டிகள்தான் பெரும்பாலும் தாக்குப் பிடித்தார்கள்.

எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவர் சைபீரியன் ஹஸ்கி வாங்கி, ஏ.சி. போட்டு வளர்க்கிறார். அதற்கு ஜலதோஷம் என்று லீவு போடுகிறார். டூப்ளேக்கு ஒரு சாக்கு போதும். நாட்டு மரமும் நாட்டு நாயும் ஒன்றுதான் என்று தோன்றியது.

பத்து அடிக்கு ஒரு தடவை நின்று, தரையை மோந்து, நேற்று யார் யார் வந்து போனார்கள் என்று செய்தி படித்துக்கொண்டே வந்தான். எனக்குப் பொறுமை இல்லை. மனசுக்குள் பெண்டிங் ஃபைல், அம்மா அனுப்பிய ஜாதகம், அட்வான்ஸ் பணம். "வாடா!" என்று இழுத்தேன்.

வரவில்லை. ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி சிலை மாதிரி நின்றான்.

புதருக்குள்ளிருந்து விசில் மாதிரி இரண்டு சத்தம். ஆறுமணிக்குருவி! இமயமலை அடிவாரத்திலிருந்தெல்லாம் குளிர்காலத்துக்கு நம்ம பக்கம் வருகிற பறவை. காலை, மாலை ஆறு மணி வாக்கில் கத்துவதால் அந்தப் பேர். வாட்ச்சைப் பார்த்தேன். ஆறு அஞ்சு. எங்கள் ஆபீஸுக்கு இது எவ்வளவோ தேவலை.

முதுகு பச்சை, இறக்கையில் நீலம், வாலடியில் சிவப்பு. சருகைக் கிளறி எதையோ தின்றுகொண்டிருந்தது. இந்த டூப்ளே பாய்வான் என்று கயிற்றை இறுக்கினேன். அவன் உட்கார்ந்துவிட்டான். நானும் பக்கத்தில் குந்தினேன்.

குருவி பறந்து போகிற வரை ஐந்து நிமிஷம் இருக்கும். அந்த ஐந்து நிமிஷமும் நான் எதையுமே நினைக்கவில்லை. ஃபைல் இல்லை, ஜாதகம் இல்லை, வீட்டுக்கார அம்மா இல்லை. கடைசியாக எப்போது இப்படி இருந்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. தனியாக வந்திருந்தால் அந்தக் குருவியை மிதித்துக்கொண்டு போயிருப்பேன்.

திரும்பும்போது குயிலாப்பாளையம் டீக்கடையில் விசாரித்தேன். பின் தெருவில் ஒரு வீடு காலி. வாடகை ஐந்நூறு ரூபாய் கூட. ஆபீஸுக்குத் தினமும் அரை மணி கூடுதல் பயணம். வீட்டுக்காரப் பெரியவர் என்னையும் டூப்ளேயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, நாய் வெச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க ஐயா. நாய்தான் என்னை வெச்சிருக்கு."

பெரியவர் சிரிக்கவில்லை.

"வெச்சுக்கட்டும். வாடகை யார் குடுக்கறது, அதுவா, நீங்களா?"