தரக்குறைவு



ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோபுரத்தைத் தாண்டி மேற்கே பார்த்தால் மலை தெரியும். அடிவாரத்தில் செண்பகத்தோப்பு. ராஜபாளையத்துக்கு அய்யனார் கோயில், வத்திராயிருப்புக்குத் தாணிப்பாறை. விடுமுறை நாளில் ஆற்றில் குளிக்கப் போகிற இடங்கள் நமக்கு. இந்த மலையில் வாழும் பழங்குடியினரான பளியர்களுக்கு அதுதான் ஊர், அதுதான் வீடு.

பாறையில் கயிறு கட்டி இறங்கி மலைத்தேன் எடுப்பதும், கொடியைப் பார்த்தே வள்ளிக்கிழங்கு இருக்கும் இடம் சொல்வதும் அவர்கள் வழிவழியாகக் கற்ற கல்வி. 1962இல் வந்து இம்மலைத்தொடரின் பளியர்களோடு தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், இன்னொன்றையும் கண்டார். அங்கே யாரும் யாரையும் அதட்டுவதில்லை, சிறு பிள்ளையைக்கூட. சச்சரவு மூண்டால் ஒருவர் பேசாமல் விலகிப் போய்விடுவார். ஒருவரைத் தாழ்த்துவதுதான் அவர்களிடம் பெரிய தவறு. அதற்கு அவர்கள் சொல்லும் சொல் நமக்கும் தெரிந்ததே: தரக்குறைவு.

வடதுருவப் பக்கத்து இனூயிட் மக்களும் கோபத்தை அடக்குவதைப் பெரும்பண்பாகப் போற்றுபவர்கள். 1953இல் கனடா அரசு அவர்களில் சில குடும்பங்களை, வேட்டைக்குக் குறைவிருக்காது என்று சொல்லி, ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வடக்கே எல்ஸ்மியர் முதலான தீவுகளுக்குக் கொண்டுபோய் விட்டது. விரும்பினால் திரும்பலாம் என்ற வாக்கும் காப்பாற்றப்படவில்லை. அரசு மன்னிப்புக் கேட்டது 2010இல். அதற்குள் ஒரு தலைமுறையே முதுமை அடைந்துவிட்டது.

அந்தத் தவறு இங்கே நிகழக் கூடாது. நம் மலை 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் ஆனது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. அணிலும் புலியும் வாழட்டும். அந்தக் காட்டைத் தலைமுறைகளாக அறிந்தவர்களும் அங்கே வாழ வேண்டும். தேனும் கிழங்கும் சேகரிக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தந்திருக்கிறது. அது ஏட்டோடு நின்றுவிடக் கூடாது.

பளியர் வரலாறு கல்வெட்டில் இல்லை. பெரியவர்களின் நினைவில் இருக்கிறது. மலையடிவாரப் பள்ளிகளின் ஆசிரியர்களே, பளியர் வீட்டுப் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கேட்டு ஓடைக்கும் பாறைக்கும் மரத்துக்கும் வழங்கும் பெயர்களை எழுதி வரச் செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்கள் சம்மதித்தால் எங்களுக்கு அனுப்புங்கள். எழுதிய பிள்ளையின் பெயரோடு வெளியிடுவோம்.

அடுத்த முறை செண்பகத்தோப்புக்குப் போகும்போது, அது இன்னொருவர் வீட்டு வாசல் என்பதை நினைவில் வையுங்கள். நம் வாயிலிருந்து தரக்குறைவாக ஒரு சொல்லும் அங்கே விழ வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்