ஆட்டம் நமக்கு, அரங்கம் யாருக்கு?

தலைநகரில் விளையாட்டு அரங்கங்களுக்குக் குறைவில்லை. தில்லி கேட்டை ஒட்டிக் கிரிக்கெட்டுக்குக் கோட்லா. அதன் பக்கத்திலேயே கால்பந்துக்கு அம்பேத்கர் அரங்கம். இந்தியா கேட் அருகே ஹாக்கிக்குத் தயான் சந்த் அரங்கம். கரோல் பாக்கில் மெட்ரோ ஏறி மண்டி ஹவுஸில் வண்டி மாறினால், தில்லி கேட் அங்கிருந்து இரண்டாவது நிலையம்தான். ஆனாலும் அரங்கத்துக்குள் உட்கார்ந்து ஒரு பந்தயத்தை முழுதாகப் பார்த்தவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்? பெரும்பாலோர் கைப்பேசியிலும் கடை வாசல் தொலைக்காட்சியிலும் பார்த்தவர்கள்தான்.

வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், ரேஷன் அட்டை, ஊருக்குப் போக ரயிலில் இடம். இத்தனை தொல்லைகளுக்கு நடுவே பந்தயம் பார்ப்பதும் ஒரு பிரச்சினையா என்று சிலர் கேட்கலாம். பிரச்சினைதான். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் நம் விருப்பத்துக்கு என்று கேட்டுத்தான் உலகத் தொழிலாளர்கள் போராடினார்கள். அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தை எங்கே, யாரோடு கழிப்பது என்பதும் உரிமை சார்ந்த கேள்வியே.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கோடையில் பிள்ளைகளோடு ஊருக்குப் போனால், சேப்பாக்கத்தில் ஓர் ஐ.பி.எல். ஆட்டம் பார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்பது இயற்கை. 2025-ல் அங்கே மிகக் குறைந்த சீட்டின் விலை ரூ. 1,700. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் ரூ. 6,800. தில்லியில் பயிற்சி தேவைப்படாத வேலைக்கு 2025 ஏப்ரலில் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் ரூ. 18,456. ஒரு மாலைப் பொழுதுக்கு மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகிறது! அந்தக் குறைந்தபட்சச் சம்பளமும் முழுதாகக் கைக்கு வராதவர்கள் நம்மில் பலர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இது போதாதென்று வரியும் ஏறிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் ஐ.பி.எல். சீட்டுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 40 ஆயிற்று. சூதாட்ட விடுதிக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் போடும் அதே விகிதம். வரிக்கு முன் 1,000 ரூபாயாக இருக்கும் சீட்டுக்கு வரியோடு 1,400 ரூபாய் கொடுக்க வேண்டும். ஆனால் அங்கீகாரம் பெற்ற மற்ற விளையாட்டுப் போட்டிகளின் சீட்டு ரூ. 500-க்குள் இருந்தால் வரியே கிடையாது. எளியவர்க்கு எது தாங்கும் என்பது சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்தே இருக்கிறது.

விலை ஏறினால் என்ன, அரங்கம் நிறையத்தானே செய்கிறது என்பார்கள். எப்போதும் அப்படி இல்லை. 2023 அக்டோபர் 5 அன்று ஆமதாபாத்தில் உலகக் கோப்பையின் முதல் ஆட்டம். இங்கிலாந்தும் நியூசிலாந்தும் மோதின. ஒரு லட்சம் பேருக்கு மேல் அமரக்கூடிய அந்த அரங்கில், ஆட்டம் தொடங்கியபோது வரிசை வரிசையாக நாற்காலிகள் காலியாகக் கிடந்ததை உலகமே பார்த்தது. சீட்டு கிடைக்கவில்லையே என்று ரசிகர்கள் வாரக்கணக்கில் அலைந்த பிறகு கண்ட காட்சி அது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் நம் நாட்டிலேயே உண்டு. 2025-ல் நடந்த மகளிர் உலகக் கோப்பையில், இந்தியாவில் நடந்த லீக் ஆட்டங்களுக்குச் சீட்டு ரூ. 100-லிருந்து விற்கப்பட்டது. கவுகாத்தியில் நடந்த தொடக்க ஆட்டத்துக்கு 22,000 பேருக்கு மேல் வந்தார்கள். மகளிர் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள் என்று உதட்டைப் பிதுக்கியவர்களுக்கு நூறு ரூபாய்ச் சீட்டு பதில் சொல்லிவிட்டது. எனவே குறைந்த விலையில் விற்க முடியாது என்பது பொய். விற்க மனமில்லை என்பதே மெய்.

ஆனால் விலை ஒன்றே காரணம் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் கூடாது. ரஞ்சிக் கோப்பை ஆட்டங்களுக்குக் கோட்லாவில் நுழைவு இலவசம். 2024 அக்டோபரில் தமிழ்நாட்டு அணி அங்கே தில்லியோடு ஆடியது. சாய் சுதர்சன் 213 ஓட்டங்கள் எடுத்தார். வாஷிங்டன் சுந்தர் 152. அடுத்த சில நாட்களில் அதே சுந்தர் இந்திய அணிக்கு அழைக்கப்பட்டு, புனேயில் நியூசிலாந்தின் 7 விக்கெட்டுகளை 59 ஓட்டங்களுக்குச் சாய்த்தார். அந்த 152 ஓட்டங்களை நம் வீட்டுக்கு இவ்வளவு அருகில், காசு கொடுக்காமல் பார்த்திருக்கலாம். நம்மில் எத்தனை பேருக்கு அந்த ஆட்டம் நடந்ததாவது தெரியும்?

சில மாதங்கள் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, அதே கோட்லாவில் பல்லாயிரம் பேர் முண்டியடித்தார்கள். விராட் கோலி பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ரஞ்சி ஆட வந்திருந்தார். மறுநாள் அவர் 6 ஓட்டங்களில் ஆட்டமிழந்ததும் கூட்டம் எழுந்து போயிற்று. இதைக் காட்டி, மக்களுக்கு ஆட்டம் வேண்டாம், நட்சத்திரம்தான் வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. நாம் அதை ஏற்கவில்லை. ஓர் ஆட்டம் நடப்பதை ஒருவருக்கும் சொல்லாமல், வேலை நாளில் வைத்துவிட்டு, மக்கள் வரவில்லை என்று மக்கள் மீதே பழி போடுவது என்ன நியாயம்? பெரிய ஆட்டத்தின் கதவைப் பணம் அடைக்கிறது. சிறிய ஆட்டத்தின் கதவை அலட்சியம் அடைக்கிறது. இரண்டிலும் வெளியே நிற்பவர்கள் நாம்தான்.

அரங்குக்குப் போவது நம் பழக்கத்தில் இல்லாத ஒன்றும் அல்ல. டூரண்ட் கால்பந்துக் கோப்பை 1940-ல் தில்லிக்கு வந்தது. 1955-லும் 1958-லும் அதை வென்றது வெலிங்டனிலிருந்து வந்த மதராஸ் ரெஜிமெண்ட் மைய அணி. குமாஸ்தாவாகவும் தட்டச்சராகவும் வந்த தமிழர்கள் கரோல் பாக்கில் அறை எடுத்துத் தங்கி வாழத் தொடங்கியிருந்த காலம் அது. நீலகிரியிலிருந்து வந்த அணி தலைநகரில் கோப்பையைத் தூக்கியது அவர்களுக்கு எவ்வளவு பெருமை தந்திருக்கும்! அந்தக் கோப்பை 2019-ல் கொல்கத்தாவுக்குப் போய்விட்டது. தில்லி டைனமோஸ் கால்பந்து அணியும் அதே ஆண்டு புவனேசுவரத்துக்குப் போய், பெயரையும் ஒடிசா என்று மாற்றிக்கொண்டது. ஆள் சேராத ஊரில் ஆட்டம் தங்காது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இந்த அரங்குகள் வானத்திலிருந்து விழவில்லை. 1982 ஆசிய விளையாட்டுக்காகத் தில்லியில் கட்டிடங்கள் எழுந்தபோது ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிசாவிலிருந்து வந்த நம்மைப் போன்ற வெளியூர்த் தொழிலாளர்கள்தான் கல்லும் மண்ணும் சுமந்தார்கள். அவர்களுக்கு உரிய தினக்கூலி ரூ. 9.25-லிருந்து ஒரு ரூபாயை ஜமாதார்கள் பிடித்துக்கொண்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே, அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது என்று நீதிமன்றம் அதே ஆண்டு தீர்ப்பளித்தது. பொதுப் பணத்தில், தொழிலாளியின் தோளில் எழுந்த அரங்கில் தொழிலாளிக்கு ஓர் இடம் கேட்பது பிச்சை அல்ல.

கேட்டால் கிடைக்குமா? இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூலில் 2016 பிப்ரவரியில், கால்பந்துச் சீட்டின் உச்ச விலையை 77 பவுண்டாக உயர்த்தப் போவதாக நிர்வாகம் அறிவித்தது. அடுத்த ஆட்டத்தின் 77-ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ 10,000 ரசிகர்கள் எழுந்து வெளியே நடந்தார்கள். ஒரு கல் வீசப்படவில்லை. சில நாட்களில் முதலாளிகள் விலை உயர்வைக் கைவிட்டார்கள். அதே ஆண்டு, வெளியூர் அணியோடு வரும் ரசிகர்களின் சீட்டு 30 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று பிரீமியர் லீக் முழுவதற்கும் வரம்பு வந்தது. தனித்தனியாக முணுமுணுத்திருந்தால் இது நடந்திருக்குமா?

எனவே நாம் கேட்பவை இவை. அரசு நிலத்திலோ பொதுப் பணத்திலோ எழுந்த ஒவ்வோர் அரங்கிலும், எந்த ஆட்டமானாலும், நான்கில் ஒரு பங்கு இடங்களை ரூ. 500-க்குள் விற்க வேண்டும். அவை கைப்பேசியில் மட்டும் அல்லாமல், நேரில் வந்து வாங்கும் சாளரத்திலும் கிடைக்க வேண்டும். ரஞ்சி ஆட்டம் நடக்கும் நாட்களைப் பள்ளிகளுக்கும் குடியிருப்புச் சங்கங்களுக்கும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். குடிநீரும் நிழலும், பெண்கள் தயங்காமல் போகக்கூடிய கழிப்பறையும் எல்லாப் பகுதிகளிலும் இருக்க வேண்டும்.

நம் பங்குக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை தமிழ்நாட்டு அணி ரஞ்சி ஆடத் தில்லிக்கு வரும்போது, வார விடுப்பு கிடைக்கும் நாளைப் பார்த்து, கரோல் பாக்கிலிருந்து குடும்பம் குடும்பமாகப் புறப்படுவோம். கட்டுச் சோறும் தண்ணீரும் உள்ளே கொண்டுபோக விடுவார்களா என்பதை முன்னதாகவே விசாரித்து வைப்போம். விடமாட்டோம் என்றால், ஏன் என்று எழுத்தில் கேட்போம். இலவசமாகத் திறந்திருக்கும் கதவின் வழியே நாம் உள்ளே போய் உட்கார்ந்தால்தான், பணத்தால் அடைத்த கதவைத் தட்டும்போது நம் கைக்கு வலு இருக்கும்.